பிழை பிள்ளையிடமா? விதியிலா?

அரியலூர் மாவட்டத்தில் ரெட்டிபாளையம் என்று ஓர் ஊர் இருக்கிறது. சுண்ணாம்புக்கல் நிறைந்த பூமி. சிமெண்டு ஆலை உள்ள ஊர்.

அங்கே பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பாட்டிக்கும் ஒரு விஷயம் தெரியும்.

சிமெண்டு மூட்டையின் மேல் "50 கிலோ" என்று அச்சிட்டிருந்தால், உள்ளே 50 கிலோ இருக்க வேண்டும். திங்கட்கிழமை கட்டிய மூட்டைக்கு 50 கிலோ, செவ்வாய்க்கிழமை கட்டிய மூட்டைக்கு 47 கிலோ என்று யாராவது சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? ஒப்புக்கொள்ளாது. "இது என்ன நியாயம்?" என்று கேட்கும்.

கம்ப்யூட்டர் உலகத்தில் இப்படி ஓர் இரட்டை நியாயம் சுமார் ஐம்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. அதனால் வாடுகிறவர்கள் படிக்கிற பிள்ளைகள்.

அது என்ன?

வாடிய முகம்

ரெட்டிபாளையம் போன்ற ஓர் ஊரில் ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் கூலி வேலை. தாயாருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அந்த வீட்டில் முதன் முதலாகக் கம்ப்யூட்டர் பாடம் படிக்கிறவள் இந்தப் பெண்தான். அதுவும் தமிழில் படிக்கிறாள்.

இது அபூர்வம் அல்ல. தமிழ்நாட்டில் 2018-ம் ஆண்டு வந்த புதிய பாடத்திட்டம், பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் "சி++" என்ற கம்ப்யூட்டர் மொழியை வைத்தது. தமிழிலும் பாடநூல் வந்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள்.

அந்தப் பெண் ஒரு சின்னக் கணக்கைப் போடுகிறாள். 14 வர வேண்டும். கம்ப்யூட்டர் 11 என்கிறது. மறுபடி போடுகிறாள். மறுபடியும் 11.

"என்னம்மா, முகம் வாடிக் கிடக்கு?" என்று தாய் கேட்கிறாள்.

"எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை அம்மா. இங்கிலீஷில் படித்தவர்களுக்குத்தான் இதெல்லாம் வரும் போலிருக்கிறது" என்கிறாள் மகள்.

தவறு! முழுத் தவறு! பிழை அந்தப் பெண்ணிடம் இல்லை. விதியில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளனும் குமாஸ்தாவும்

கம்ப்யூட்டருக்கு மனிதர் பேச்சு தெரியாது. ஆகவே மனிதருக்கும் எந்திரத்துக்கும் நடுவே சில மொழிகளை உண்டாக்கினார்கள். அவற்றில் மிகவும் பெயர் பெற்றது "சி" மொழி. அமெரிக்காவில் உள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 1972-ம் ஆண்டு வாக்கில் அதை உருவாக்கினார். அதன் வழி வந்ததுதான் "சி++".

"எங்கோ அமெரிக்காவில் பிறந்த மொழியால் எங்கள் வீட்டுக்கு என்ன?" என்று கேட்கலாம். கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனை எடுத்துப் பாருங்கள். அதன் அடித்தளம் "லினக்ஸ்". லினக்ஸ் பெரும்பாலும் சி மொழியில் எழுதப்பட்டது. ஆகவே சி மொழி இன்று குடிசையிலும் குடியிருக்கிறது!

சி மொழியில் எழுதியதை எந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது "கம்பைலர்". அதை ஒரு மொழிபெயர்ப்பாளன் என்று சொல்லலாம்.

அந்த மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு குமாஸ்தா உண்டு. எழுதியது முதலில் குமாஸ்தா கைக்குப் போகும். குமாஸ்தா அதைச் சீர் செய்து மொழிபெயர்ப்பாளனிடம் கொடுப்பார். இந்தக் குமாஸ்தாவின் பெயர் "ப்ரீப்ராசஸர்".

குமாஸ்தாவிடம் சில அச்சுப் படிவங்கள் இருக்கும். தாலுகா ஆபீசில் கிடைக்கும் படிவம் போலத்தான். நடுவே கோடிட்ட இடம் இருக்கும். அதில் எதைப் போட வேண்டுமோ அதைப் போட்டால் படிவம் நிறைவாகிவிடும். இந்தப் படிவத்துக்கு "மேக்ரோ" என்று பெயர். கோடிட்ட இடத்தில் போடுவதற்கு ஆங்கிலத்தில் "ஆர்குமெண்ட்" என்று பெயர். "நிரப்புச் சொல்" என்று வைத்துக்கொண்டால் போதும்.

தகராறு முழுவதும் இந்த நிரப்புச் சொல்லில்தான்.

இட்லி குறைந்த கதை

ஒரு வீட்டில் விசேஷம். மாமன் வீட்டார் 3 பேர். சித்தப்பா வீட்டார் 4 பேர். ஆளுக்கு 2 இட்லி. மொத்தம் எத்தனை?

ஏழு பேர். ஏழிரண்டு 14. குழந்தைக்கும் தெரியும்.

இப்போது குமாஸ்தாவிடம் ஒரு படிவம் இருக்கிறது. "ஆள் × 2" என்பது படிவம். "ஆள்" என்ற இடத்தில் "3 + 4" என்று நிரப்பச் சொல்கிறார்கள்.

குமாஸ்தா என்ன செய்கிறார்? கூட்டிப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே எழுதுகிறார். "3 + 4 × 2" என்று ஆகிவிடுகிறது.

பள்ளிக்கூடக் கணக்கில் பெருக்கல் முந்தி, கூட்டல் பிந்தி. நாலிரண்டு எட்டு. எட்டும் மூன்றும் பதினொன்று. பந்தியில் மூன்று இட்லி குறைந்துவிட்டது!

"குமாஸ்தாவின் வேலையே அப்படி எழுதுவதுதானே? இதில் என்ன இரட்டை நியாயம்?" என்று சிலர் கேட்பார்கள்.

கேட்பது சரிதான். ஆனால் சி மொழியில் இன்னொரு வழியும் இருக்கிறது. அதற்கு "பங்ஷன்" என்று பெயர். அதே கணக்கைப் பங்ஷனிடம் கொடுத்தால், முதலில் மூன்றையும் நாலையும் கூட்டி ஏழு ஆக்கிக்கொண்டு, பிறகு பெருக்கும். 14 வரும்.

வேடிக்கை என்னவென்றால், மேக்ரோவையும் பங்ஷனையும் கூப்பிடும் முறை பார்வைக்கு ஒன்றேதான். பெயர், அடைப்புக்குறி, உள்ளே நிரப்புச் சொல். ஒரே மாதிரி எழுதினாலும் ஓர் இடத்தில் 14, இன்னோர் இடத்தில் 11.

படிவம் எழுதுகிறவர் "(ஆள்) × 2" என்று அடைப்புக்குறி போட்டுவிட்டால் 14 வந்துவிடும். ஆனால் இதை யாராவது சொன்னால்தானே பிள்ளைக்குத் தெரியும்?

உண்டியலில் இரண்டு ரூபாய்

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு.

இரண்டில் எது பெரியது என்று சொல்லும் ஒரு படிவம். "முதலாவது பெரியதானால் முதலாவதைச் சொல், இல்லாவிட்டால் இரண்டாவதைச் சொல்" என்பது அதன் வாசகம். "முதலாவது" என்ற சொல் அதில் இரண்டு இடங்களில் வருவதைக் கவனியுங்கள்.

முதலாவதாக நிரப்பும் சொல் இது: "உண்டியலில் ஒரு ரூபாய் போட்டு, உள்ளே இருக்கும் தொகையைச் சொல்."

குமாஸ்தா இதை இரண்டு இடத்திலும் எழுதிவிடுவார். ஒப்பிடும்போது ஒரு ரூபாய் விழும். அது பெரியது என்று முடிவானால், சொல்லும்போது இன்னொரு ரூபாய் விழும். சிறியது என்று முடிவானால் ஒரு ரூபாயோடு நின்றுவிடும்.

ஒரே வரிதான். ஒரு நாள் ஒரு ரூபாய், மறுநாள் இரண்டு ரூபாய். இப்படிப்பட்ட உண்டியலை எந்தக் கோவிலிலாவது வைப்பார்களா?

மூன்று அடைப்புக்குறி, இரண்டு நீதி

ஒரு படிவத்தில் இரண்டு நிரப்புச் சொற்கள் இருந்தால், நடுவே காற்புள்ளி போட வேண்டும். காற்புள்ளியைக் கண்டதும் குமாஸ்தா "அடுத்தது வந்துவிட்டது" என்று தெரிந்துகொள்வார்.

ஆனால் நிரப்புச் சொல்லுக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால்?

வட்ட அடைப்புக்குறிக்குள் இருந்தால் குமாஸ்தா அதைத் தொடமாட்டார். முழுவதும் ஒன்று என்று எண்ணுவார். ஆனால் அதே காற்புள்ளி சதுர அடைப்புக்குறிக்குள் இருந்தால் இரண்டாக வெட்டிவிடுவார்! நெளிந்த அடைப்புக்குறிக்குள் இருந்தாலும் வெட்டிவிடுவார்!

மொழிபெயர்ப்பாளனுக்கு மூன்று அடைப்புக்குறிகளும் தெரியும். குமாஸ்தாவுக்கு மட்டும் வட்டத்தின் மேல்தான் மரியாதை. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்க, ஒருவனுக்கு மட்டும் கதவு போட்ட அறை கொடுத்தது போல் இருக்கிறது.

இன்னொன்று. நிரப்புச் சொல்லே மற்றொரு படிவத்தின் பெயராக இருக்கலாம். சாதாரணமாகக் குமாஸ்தா அந்த உள் படிவத்தை முதலில் பிரித்து நிரப்பிவிட்டு, பிறகுதான் வெளிப் படிவத்தில் போடுவார். ஆனால் கோடிட்ட இடத்துக்குப் பக்கத்தில் "#" என்ற குறி இருந்தால் பிரிக்கமாட்டார். பெயரை அப்படியே எழுதிவிடுவார். அவரைப் பிரிக்க வைப்பதற்கென்றே அனுபவசாலிகள் நடுவே இன்னொரு படிவம் போடுகிறார்கள். உறைக்குள் உறை, அதற்குள் ஓர் உறை!

ஊருக்கு ஒரு விதி

இவை ஒரே மொழிக்குள் உள்ள பேதங்கள். கம்பைலருக்குக் கம்பைலர் பேதமும் இருந்தது.

பழைய நாளில், மேற்கோள் குறிக்குள் கோடிட்ட இடம் வந்தால் சில கம்பைலர்கள் நிரப்பின. சில நிரப்பவில்லை. ஓர் எந்திரத்தில் ஓடியது மற்றோர் எந்திரத்தில் ஓடாது. 1989-ம் ஆண்டு அமெரிக்கத் தர நிறுவனம் சி மொழிக்குப் பொது விதி வகுத்தது. "மேற்கோளுக்குள் நிரப்பக்கூடாது. வேண்டுமானால் # குறி போடு" என்று தீர்ப்புச் சொன்னது.

அதோடு தீர்ந்ததா? இல்லை.

கோடிட்ட இடத்தைக் காலியாக விடலாமா? 1989 விதி இதற்கு உறுதி கூறவில்லை. 1999-ல் வந்த விதி "விடலாம்" என்றது.

எத்தனை பொருள் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும் படிவமும் 1999-ல்தான் விதிக்குள் வந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கம்பைலரில், அப்படி வாங்கிய மூன்று பொருளை உள்ளே உள்ள இன்னொரு படிவத்துக்கு அனுப்பினால், பழைய குமாஸ்தா மூன்றையும் சேர்த்து ஒரே பொருள் என்று எண்ணுவார். பொது விதிப்படி நடக்கும் புதிய குமாஸ்தாவை அந்த நிறுவனம் 2020-ல் கொண்டு வந்தது. ஆனாலும் பழையவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. புதியவர் வேண்டுமென்றால் தனியாகக் கேட்டு வாங்கும்படி வைத்தது. பழையவரை நம்பி எழுதிய வேலைகள் அவ்வளவு இருந்தன!

ஒரு வரி, 47 மெகாபைட்

"படிக்கிற பிள்ளைகள்தான் தடுக்கி விழுவார்கள். தேர்ந்தவர்களுக்குப் பழகிப் போகும்" என்று நினைக்க வேண்டாம்.

லினக்ஸை எழுதுகிறவர்கள் உலகத்திலேயே கைதேர்ந்தவர்கள். உண்டியலில் இரண்டு ரூபாய் விழாமல் தடுப்பதற்காக, "எது பெரியது, எது சிறியது" என்ற சின்னப் படிவத்துக்குள் அவர்கள் பல தந்திரங்களைச் செய்து வைத்தார்கள். அதனால் ஒவ்வொரு நிரப்புச் சொல்லும் படிவத்துக்குள் பல தடவை எழுதப்பட்டது. படிவத்துக்குள் படிவம் வைத்தபோது, பல தடவை என்பது பலப்பல தடவையாகப் பெருகியது.

2024-ம் ஆண்டு ஒருவர் அளந்து பார்த்தார். ஒரே ஒரு வரி, குமாஸ்தா விரித்து எழுதிய பிறகு 47 மெகாபைட் அளவுக்கு ஊதியிருந்தது! அதாவது ஏறக்குறைய நாலே முக்கால் கோடி எழுத்து. பக்கத்துக்கு 2000 எழுத்து என்று அச்சிட்டால் 23,000 பக்கத்துக்கு மேல் வரும். பிறகு அந்தப் படிவங்களை எளிமையாக்கினார்கள்.

கைதேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி என்றால், ரெட்டிபாளையத்துப் பெண் என்ன செய்வாள்?

தமிழ் காட்டிய வழி

இதற்கு விமோசனம் உண்டா? உண்டு. அதைத் தமிழர்கள் ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறார்கள்.

தாத்தா பாட்டி படித்த பழைய புத்தகம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கா, சா, தா, பா என்று எழுதும்போது பக்கத்தில் ஒரு துணைக்கால் நின்றது. ஆனால் ணா, றா, னா என்ற மூன்றுக்கும் அது நிற்கவில்லை. எழுத்தோடு சுழித்து ஒட்டிக்கொண்டது. கை, பை, மை என்றால் முன்னால் ஒரு கொம்பு. ஆனால் ணை, லை, ளை, னை என்ற நான்குக்கும் கொம்பு இல்லை. தலைமேல் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு.

இவற்றோடு ஒகர, ஓகார வரிசையில் ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ என்ற ஆறும் சேர்ந்து மொத்தம் 13 எழுத்துகள் பொது விதியை மீறி நின்றன. எழுதப் பழகும் குழந்தை இந்த இடத்தில் வந்து திண்டாடியது. அடி வாங்கியது குழந்தை. பிழையோ விதியில் இருந்தது!

பெரியார் ஈ.வெ.ரா. 1935-ம் ஆண்டு தமது "குடி அரசு" பத்திரிகையில் இந்த எழுத்துகளைப் பொது விதிப்படி அச்சிடத் தொடங்கினார். உடனே எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 43 ஆண்டுகள் கழித்து, 1978-ல், எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. அதன்பின் பாடநூல்கள் மாறின. பத்திரிகைகள் மாறின.

அதே 1978-ம் ஆண்டில்தான் சி மொழியை உலகத்துக்குக் கற்றுக் கொடுத்த புத்தகம் அமெரிக்காவில் வெளிவந்தது. பிரையன் கெர்னிகன் என்பவரும் டென்னிஸ் ரிட்சியும் சேர்ந்து எழுதியது. தமிழ் ஒரு பேதத்தைத் தீர்த்த ஆண்டில், வேறொரு பேதம் உலகம் சுற்றப் புறப்பட்டது!

தமிழிலும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை என்பது உண்மை. கு, சு, து, மு என்று உகர வரிசையில் இன்றும் பல உருவங்கள் உண்டு. ஆனாலும் தீர்க்க முடிந்த 13 எழுத்துகளைத் தீர்த்தார்கள். இன்றைய குழந்தைக்கு அந்தத் திண்டாட்டம் இல்லை.

பழையவை என்ன ஆகும்?

"விதியை மாற்றினால், பழைய விதியை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாம் உடைந்து போகுமே! பாங்கும் ஆஸ்பத்திரியும் ஆலையும் நின்று போகுமே!" என்று ஒரு தரப்பினர் சொல்கிறார்கள்.

இது வெறும் சாக்கு அல்ல. நியாயமான பயம். சிமெண்டுச் சூளையில் கல் வேகும் சூடு சுமார் 1450 டிகிரி. அதைக் கண்காணிக்கும் நிரலில் நேற்று வரை சரியாக ஓடிய வரி இன்று வேறு விடை சொன்னால் விபரீதம்தான்.

ஆனால் அந்தப் பயத்துக்கும் மருந்து வந்துவிட்டது. "ரஸ்ட்" என்ற புதிய மொழியின் முதல் உறுதியான பதிப்பு 2015-ல் வெளிவந்தது. அதில் ஒவ்வொரு நிரலும் தன்மேல் ஓர் ஆண்டு முத்திரை குத்திக்கொள்ளலாம். 2015, 2018, 2021, 2024 என்று நான்கு முத்திரைகள் வந்துள்ளன. பழைய முத்திரை உள்ள நிரலுக்குப் பழைய விதி. புதிய முத்திரை உள்ளதற்குப் புதிய விதி. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழும்.

அந்த மொழியில் மூன்று அடைப்புக்குறிக்கும் ஒரே மரியாதை. எந்த அடைப்புக்குறிக்குள் காற்புள்ளி இருந்தாலும் வெட்டப்படாது. "3 + 4" என்பதை ஒரு முழுக் கணக்காக வாங்கிக்கொள் என்று படிவத்தில் எழுதிவிட்டால், அடைப்புக்குறி போடாமலே 14 இட்லி வரும்.

ஆகவே முடியாது என்பதில்லை. மனம் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

மொழி வகுக்கும் பெரியவர்கள் செய்ய வேண்டியது ஒன்று. பார்வைக்கு ஒன்றாக இருப்பவை நடத்தையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய நிரலுக்காக அது முடியாவிட்டால், ஆண்டு முத்திரை போட்டுப் பிரிக்கட்டும்.

கம்பைலர் செய்கிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்று. காற்புள்ளியால் ஒன்று இரண்டாக வெட்டப்பட்டால், சம்பந்தமில்லாத பிழைச் செய்தியைக் காட்டாமல், "உன் நிரப்புச் சொல் இந்தக் காற்புள்ளியில் வெட்டப்பட்டது" என்று எந்திரம் நேராகச் சொல்லட்டும்.

ஆசிரியர்கள் செய்ய வேண்டியதுதான் எல்லாவற்றிலும் சுலபம். மேக்ரோ பாடத்தை எடுக்கும் முதல் நாளே இட்லிக் கணக்கைப் பலகையில் எழுதட்டும். "இங்கே விதி கோணலாக இருக்கிறது. இது உங்கள் குற்றம் அல்ல" என்று சொல்லட்டும். நிரப்புச் சொல்லைச் சுற்றி அடைப்புக்குறி போடச் சொல்லட்டும். முடிந்த இடத்தில் மேக்ரோவை விட்டுப் பங்ஷனை எழுதச் சொல்லட்டும். சி++ மொழியை ஆக்கிய பியான் ஸ்ட்ரௌஸ்ட்ரப்பே மேக்ரோவைக் கூடியவரை தவிர்க்கச் சொல்கிறவர்தான்.

கோணல் விதியால் வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. கேட்பதற்கு அண்ணன் இருப்பான், டியூஷன் ஆசிரியர் இருப்பார். கேட்க ஆள் இல்லாத பிள்ளைதான் "எனக்கு மூளை இல்லை" என்று புத்தகத்தை மூடிவிடுகிறது. மூடிய புத்தகத்தோடு ஒரு குடும்பத்தின் நம்பிக்கையும் மூடிப் போகிறது.

மூட்டையில் எடை குறைந்தால், வாங்கியவன் மேல் குற்றம் சொல்வதில்லை. கட்டியவனைத்தான் கேட்கிறார்கள். ரெட்டிபாளையத்துப் பாட்டிக்கும் தெரிந்த இந்த நியாயம் கம்ப்யூட்டர் மொழிக்கும் பொருந்த வேண்டும்.

அதுவரை, 14 வர வேண்டிய இடத்தில் 11 வந்தால், பிள்ளையைத் திட்டாதீர்கள். "விதியை ஒரு தடவை பாரம்மா" என்று சொல்லுங்கள்.